திருபுவனத்துக்குத் தறி பழகப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

திருபுவனத்தில் ஒரு பெரியவரிடம் பட்டுத்தறி பழக ஏற்பாடாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஒரு சேலை நெய்ய எத்தனை நாள் பழக வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அவரிடம் போய் இதை முதல் கேள்வியாகக் கேட்டுவிடாதே. மிதியை மிதித்து, குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகும் நாடாவை விடுவது சீக்கிரமே கைக்கு வந்துவிடும். நாள் பிடிப்பது, தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவைக் கையாள்வதுதான். அதனால் "உட்கார்ந்து நெய்யட்டுமா?" என்று அவசரப்படாமல், "புதுப் பாவைப் பிணைக்கும்போது பக்கத்தில் இருக்கட்டுமா?" என்று கேள்.

முதலில், பிணைக்க வேண்டிய இழைகளின் கணக்கைத் தெரிந்துகொள். பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்றதுதான் அச்சு. நூறாம் நம்பர் அச்சு என்றால் இரண்டு அங்குலத்துக்கு 100 பல். பல்லுக்கு இரண்டு இழை வீதம் 48 அங்குல அகலத்துக்கு 4,800 இழை. அச்சு நம்பர் மாறினால் எண்ணிக்கை மாறும், கணக்கு இதுதான். ஒரு பாவு நெய்து முடியும்போது அதன் கடைசி நுனியை, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் அச்சிலும் கோர்த்தபடியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய நுனியோடு ஒன்றுக்கு ஒன்றாகத் திரித்து ஒட்ட வேண்டும். வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். முடிச்சுப் போட்டால் அச்சுப் பல்லுக்குள் நுழையாது, அதனால்தான் திரிப்பு.

இங்கே ஒரு இழை தவறினால் என்ன ஆகும்? வரிசை மாறிப் பிணைத்தால் இரண்டு இழை குறுக்கே பின்னிக்கொள்ளும். மிதிக்கும்போது பாவு மேலும் கீழுமாகச் சரியாகத் திறக்காது, நாடா அந்த இடத்தில் முட்டி நாலைந்து இழையைச் சேர்த்து அறுக்கும். ஒரு இழையை விட்டுவிட்டால் அந்தப் பாவில் வரும் அத்தனை சேலையிலும் நெடுகக் கோடு ஓடும், கடைசிவரை மறையாது. பாவுக்குள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பிரித்து இரண்டு குச்சி செருகியிருப்பார்கள். இழைகளின் வரிசையைக் காப்பது அதுதான். யார் சொன்னாலும் அதை உருவிவிடாதே.

அடுத்து, அறுந்த இழை. அறுந்ததைக் கண்டதும் நிறுத்து. இன்னும் நாலு ஊடை போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டால் அதன் வால் பக்கத்து இழைகளைச் சுற்றிக்கொள்ளும். அதே நிறத்துப் பட்டில் ஒரு முழம் எடுத்து, விழுதுக்குப் பின்னால் அறுந்த நுனியோடு திரித்துச் சேர். அதே விழுதுக் கண்ணிலும் அதே அச்சுப் பல்லிலும் கோர்த்து, மறுநுனியை நெய்த துணியின் மேல் குண்டூசியில் சுற்றிக் குத்து. பாவின் மற்ற இழைகள் எவ்வளவு விறைப்போ இதுவும் அவ்வளவே. அதிகமாக இழுத்தால் துணியில் பளபளப்பான கீற்று விழும், தளர்ந்தால் வளையம் நிற்கும். ஒரு அங்குலம் நெய்தபின் வாலைக் கத்தரி.

ஒரே ஓரத்தில் திரும்பத் திரும்ப அறுகிறதா? நூலைக் குறை சொல்லாதே. துணியை அகலத்தில் விரித்துப் பிடிக்கும் ஊசிக் குச்சியைப் பார். அதை இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை நகர்த்தி வைக்காவிட்டால் துணி உள்ளே சுருங்கும், ஓர இழைகள் அச்சில் சாய்ந்து உராய்ந்து அறுந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் பாதி நேரத்தை இதிலேயே தொலைக்கிறார்கள்.

சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு ஊடையில் நெய்து கோக்கும் கோர்வைக் கரைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா. உன்னை முதலில் துணைக்குத்தான் உட்கார வைப்பார்கள். குறைவாக நினைக்காதே. கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றையொன்று கோத்துத் திரும்பும் இடத்தில் உன் கை இறுக்கமானால் கரை சுருங்கும், தளர்ந்தால் கண்ணி தொங்கும். அந்த அளவு அங்கே உட்கார்ந்தால்தான் விரலுக்குப் புரியும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், குழிக்குள் கால் வைத்து மிதிக்கும் குழித்தறியின் குழியில் கசியும். பட்டு ஈரம் வாங்கித் தளரும், கரையில் இருக்கும் ஜரிகை அந்த அளவு தளராது. இரண்டுக்கும் விறைப்பு வேறானால் கரை நெளியும். கரைப் பாவுக்குத் தனியாகக் கனம் தொங்கவிட்டிருப்பதைப் பார்ப்பாய், அதைக் கூட்டிக் குறைத்துத்தான் சமாளிக்கிறார்கள். டிசைனுக்கு எந்த இழை தூக்க வேண்டும் என்று துளை போட்டு வைத்திருக்கும் ஜக்கார்டு அட்டையும் ஈரத்தில் ஊறி ஊசி துளையில் சரியாக விழாமல் டிசைன் தப்பும். ஆகவே மழைக்காலத்தில் சேராதே. பொங்கல் கழிந்து போ.

சாயந்திரம் தறியை விட்டு எழும்போது பாவின் விறைப்பைத் தளர்த்திவிடு. மறுநாள் மீண்டும் இறுக்கி, முதல் சில ஊடையை மெதுவாக அடி. வேகமாக அடித்தால் அந்த இடத்தில் குறுக்கே தடிப்பு விழும். கடையில் சேலையை விரித்து வெளிச்சத்துக்குக் காட்டினால் இது தெரிந்துவிடும்.

பட்டை வேகவைப்பதையும் சாயப் பட்டறையையும் ஒரு நாள் போய்ப் பார்த்தால் போதும். வேகும்போது பட்டின் மேலிருக்கும் கோந்து போனால் கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வை, நூல் விலைக் கணக்குப் போடும்போது உதவும்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். கை சொரசொரப்பாக இருந்தால் முதல் நாள் இரவே தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடு. காலையில் எண்ணெய்க் கையோடு பாவைத் தொடாதே, கறை போகாது.

கூலியைப் பற்றி இப்போது பேசாதே. ஆனால் பழகும்போது கெட்டுப்போகிற பட்டும் ஜரிகையும் யார் கணக்கில் என்பதைச் சேருவதற்கு முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடு. பெரியவர் தன் சொந்தப் பாவில் பழக்குகிறாரா, நெசவாளர் சொசைட்டியிலோ முதலாளியிடமோ வாங்கிய பாவிலா என்பதையும் கேள். வாங்கிய பாவு என்றால் சேதத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்படியானால் முதல் பழக்கத்துக்கு விலை குறைந்த நூலில் ஒரு சின்னப் பாவு போட்டுத் தரச் சொல், அதற்கான பணத்தை நீயே கொடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்