சகேயு வீட்டு விருந்து

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா உடம்பு தேறி வருகிறார் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்துவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். தம்பிக்குச் சேர வேண்டிய நிலத்தை உன் பேருக்கு எழுதிக்கொண்டதைக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாய். தம்பியோ இப்போது உயிரோடு இல்லை. "கடவுள் மன்னித்துவிட்டாரா, இல்லை இன்னும் நான் ஏதாவது செய்தால்தான் மன்னிப்பாரா?" என்று கேட்டிருக்கிறாய்.

மன்னித்துவிட்டார். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். அங்கே அவர் கடவுளைப் "பாவியை நீதிமானாக்குகிறவர்" என்கிறார். ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்ட பிறகுதான் அவர் விருத்தசேதனம் என்ற உடன்படிக்கை அடையாளத்தையே பெற்றார். முதலில் கடவுள் ஏற்றுக்கொள்கிறார், மற்றதெல்லாம் அப்புறம். சிலுவையில் கிறிஸ்து செய்து முடித்ததோடு நாம் கூட்டிச் சேர்க்க எதுவும் இல்லை.

உனக்கிருக்கும் இதே தவிப்பு எங்கள் சபைக்குப் பேர் தந்த மார்ட்டின் லுத்தருக்கும் இருந்தது. மடத்தில் துறவியாக இருந்தபோது மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தும் அவருக்கு மனம் ஆறவில்லை. ரோமர் நிருபம்தான் அவரைத் தேற்றியது. இதில் உங்கள் கத்தோலிக்க சபைக்கும் எங்கள் லுத்தரன் சபைக்கும் பெரிய பிளவே வந்தது. கிறிஸ்துவின் நீதி நம்முடையதாக எண்ணப்படுகிறது என்பதை நாங்கள் அழுத்திச் சொன்னோம். அருள் மனிதனை உள்ளிருந்தே புதுப்பிக்கிறது என்பதை நீங்கள் அழுத்திச் சொன்னீர்கள். 1547இல் உங்கள் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் எங்கள் போதனையைக் கண்டித்தது. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். தூய ஆவியார் நம் இருதயத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்று அதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லைதான். ஆனாலும் நீயும் நானும் இதில் ஒரே விசுவாசத்தில் நிற்கிறோம் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

இனி நிலத்தைப் பற்றி. லூக்கா நற்செய்தியில் வரும் சகேயுவை நினைத்துப் பார். ஊரார் காசை அநியாயமாக வாங்கிய ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், என்று பேர் வாங்கியவன். மரத்தில் ஏறி நின்றவனைப் பார்த்து இயேசு, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். அப்போது அவன் ஒரு காசுகூடத் திருப்பித் தந்திருக்கவில்லை. அவரைச் சந்தோஷமாக வீட்டுக்கு அழைத்துப்போன பிறகுதான், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். இந்த வரிசை மாறவே கூடாது. மாறினால் கொடுப்பது பேரம் ஆகிவிடும்.

தம்பியிடம் இனி மன்னிப்புக் கேட்க முடியாது. அந்த வலி இருக்கத்தான் செய்யும். அது இருப்பதால் கடவுள் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் அவன் பிள்ளைகள் இருக்கிறார்கள். மன்னிக்கப்பட்டவனாகப் போய் அவர்கள் அம்மாவிடம் உண்மையைச் சொல். கோபப்பட்டால் கேட்டுக்கொள், உடனே மன்னிக்க வேண்டும் என்று அவளை நெருக்காதே. நிலத்தைப் பிள்ளைகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடு. பத்திரப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நான் வருகிறேன், தேதி முடிவானதும் எழுது.

அக்காவிடம் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்