கரி அள்ளிய கை எங்கே?

அன்புள்ள கயலுக்கு,

நீ அலமாரியில் விட்டுப்போன ஸ்டீம்பங்க் நாவல்களிலும் (நீராவி இயந்திரக் காலத்தை வைத்துப் பின்னும் கற்பனைக் கதைகள்) மந்திர நாவல்களிலும் பாதிக்கு மேல் படித்துவிட்டேன். எது பிடித்தது என்று போனில் கேட்டாய். அதை ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் இந்த வகை நாவல்களை ஆராய்ந்தவள் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது படிக்கிறவள்தான். ஆனால் நீராவியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன், உன் தாத்தாவால்.

தாத்தா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். ஓடுகிற இன்ஜினில் நெருப்புக்கு முன்னால் நின்று ஷவல் ஷவலாகக் கரி அள்ளிப் போடவேண்டும். ஒரு கண் பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் இருக்கவேண்டும். தண்ணீர் மட்டம் நெருப்புப் பெட்டியின் கூரைக்குக் கீழே இறங்கினால் அந்தத் தகடு பழுத்துப்போய் பாய்லரே வெடித்துவிடும். அதனால் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு வைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் அந்த ஈயம் உருகி, நீராவி உள்ளே பாய்ந்து எச்சரிக்கும். இத்தனை பாடுபட்டும் எரிந்த கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையாக மாறாது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வெப்ப இயக்கவியல் நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் ஸ்டீம்பங்க் நாவல் எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது கரி அள்ளுகிறவரைத்தான். பல நாவல்களில் அவர் இல்லவே இல்லை. பித்தளைக் கண்ணாடி, பல்சக்கரம் வைத்த தொப்பி, வானத்தில் கப்பல், சீமாட்டியின் தேநீர் விருந்து எல்லாம் இருக்கும். தண்ணீர் எங்கே நிரப்பினார்கள், சாம்பலை யார் வாரினார்கள் என்று ஒரு வரி இருக்காது. அப்படிப்பட்டவற்றை நான் ஐம்பது பக்கத்தோடு மூடிவிட்டேன்.

வானத்தில் நீராவிக் கப்பல் பறக்குமா என்று நான் சண்டை போடவில்லை. பறந்திருக்கிறது. 1852இல் ஹென்றி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் மூன்று குதிரைத்திறன் இன்ஜினைத் தன் வாயுக் கப்பலில் தொங்கவிட்டு, பாரிஸிலிருந்து 27 கிலோமீட்டர் போனார். மேலே இருப்பது தீப்பற்றும் வாயு என்பதால் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தார். காற்றை எதிர்த்துத் திரும்பி வர அந்த இன்ஜினுக்குச் சக்தி போதவில்லை. இதே ஜிஃபார்தான் பாய்லருக்குள் நீராவியாலேயே தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டரைக் கண்டுபிடித்தவர். தாத்தா தினமும் திருகிய கருவி அது! நிஜ வரலாறு இவ்வளவு சுவாரசியமாக இருக்கும்போது எடையே இல்லாத இன்ஜின்களை எதற்கு எழுதுகிறார்கள் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

கிப்சனும் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய 'தி டிஃபரன்ஸ் இன்ஜின்' (1990) கொஞ்சம் கஷ்டப்படுத்தியது, ஆனாலும் முடித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கணித அறிஞர் பாபேஜின் கணக்கு இயந்திரம் அவர் காலத்திலேயே வெற்றி பெற்றிருந்தால் 1855இன் லண்டன் எப்படி இருந்திருக்கும் என்பது கதை. நிஜத்தில் அரசாங்கம் ஏறக்குறைய 17,000 பவுண்டு கொடுத்துவிட்டு 1842இல் கையை விரித்துவிட்டது. அவர் பிற்பாடு வரைந்து வைத்த இன்னொரு இயந்திரத்தை அதே வரைபடப்படி லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் செய்து பார்த்தது, அது சரியாகவே கணக்குப் போட்டது. நீ அதே ஊரில்தானே இருக்கிறாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. நாவலில் எனக்குப் பிடித்தது, இயந்திரம் ஜெயித்த ஊரில் சாக்கடை நாற்றமும் ஏழைகளின் கோபமும் அப்படியே இருப்பது. ஆட்கள்தான் மனசில் ஒட்டவில்லை.

'மார்ட்டல் இன்ஜின்ஸ்' (2001) சின்னப் பிள்ளைகளுக்கு என்று போட்டிருந்தாலும் எனக்கு அது மிகவும் பிடித்தது. லண்டனே சக்கரத்தில் ஓடி, சின்ன ஊர்களைப் பிடித்து விழுங்குகிறது. மேல் தளத்தில் பூங்காவும் கோயிலும், கீழ்த்தளத்தில் சூடும் உழைப்பும். பிடிபட்ட ஊரை உடைத்துப் போடுகிற இடத்தை பிலிப் ரீவ் ஒளிக்காமல் காட்டுகிறார். 'லெவியாத்தன்' ஒரே மூச்சில் போனது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஜூல்ஸ் வெர்னிடம்தான் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஸ்டீம்பங்க் என்ற பெயர் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியவர், ஆனாலும் இவர்கள் எல்லோரும் அவர் வீட்டுப் பிள்ளைகள்தான். 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலில் வரும் கேப்டன் நெமோவின் நீர்மூழ்கி ஓடுவது மின்சாரத்தில், நீராவியில் இல்லை. அது இருக்கட்டும். அந்த நாவலில் மன்னார் வளைகுடா வருகிறது, கயல். காலில் கல்லோடு முத்துக்குளிக்க இறங்கிய ஒரு ஏழையைச் சுறா தாக்குகிறது. நெமோ குத்துவாளோடு பாய்ந்து அவரைக் காப்பாற்றி, ஒரு பை முத்தையும் கையில் கொடுக்கிறார். பிறகு, ஒடுக்கப்பட்ட அந்த நாட்டு மக்களில் தானும் ஒருவன் என்கிறார். அந்தக் கடலில் முத்துக் குளித்தவர்களில் பலர் தமிழர்கள். சுறாவைக் கட்ட மந்திரம் சொல்கிறவருக்கு அங்கே ஆங்கில அரசாங்கமே கூலி கொடுத்து வந்தது. மந்திரமும் ஏகாதிபத்தியமும் ஒரே படகில் இருந்திருக்கின்றன, இதை யாராவது நாவலாக எழுதக் கூடாதா?

நெமோவை முதலில் ரஷ்ய ஜாரை வெறுக்கும் போலந்துக்காரராகத்தான் வெர்ன் நினைத்திருந்தார், பதிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. 1875இல் முடிந்த இன்னொரு நாவலில், அவர் மத்திய இந்தியாவின் பண்டேல்கண்டைச் சேர்ந்த இளவரசர் தக்கார், 1857 கிளர்ச்சியில் எல்லாவற்றையும் இழந்தவர் என்று தெரிய வைத்தார். ஆனால் அதே வெர்ன் 1880இல், ஆங்கிலேயர்களை ஒரு நீராவி யானையில் கல்கத்தாவிலிருந்து இமயமலை வரை கூட்டிப்போகிறார். யானை வீட்டையே இழுக்கிறது, உள்ளே சொகுசான சாப்பாடு. ஓட்டுகிறவர் ஆங்கிலேயர், நெருப்புக்குக் கரி போடுகிறவர் காளூத் என்ற இந்தியர். அவரைப் பற்றி நாவல் சொல்வது கொஞ்சம்தான். அந்தப் பெயரைப் பார்த்ததும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். காளூத்தின் கண்ணால் அந்தப் பயணத்தை எழுதியிருந்தால் அதுதான் நான் தேடுகிற நாவல்.

நீ போன தடவை கொண்டுவந்த 'எவர்ஃபேர்' (2016) அதற்குக் கிட்டே வருகிறது. நிசி ஷால் காங்கோவைக் களமாக எடுத்திருக்கிறார். பெல்ஜியத்தின் லியோபோல்டு மன்னரின் ரப்பருக்காகக் கை வெட்டப்பட்டவர்களுக்கு அங்கே இயந்திரக் கைகள் பொருத்தப்படுகின்றன. வெட்டியது நடந்த கதை, பொருத்தியது கற்பனை. பல்சக்கரத்துக்கு இதைவிட நியாயமான வேலை வேறு எந்த நாவலிலும் நான் பார்க்கவில்லை. பாத்திரங்கள் அதிகம், வருஷங்கள் தாவித் தாவிப் போகின்றன, குடும்ப மரம் ஒன்றை நோட்டில் போட்டுக்கொண்டுதான் படிக்கமுடிந்தது. பரவாயில்லை.

மந்திர நாவல்களையும் இதே கண்ணோடுதான் படித்தேன். சும்மா கையை ஆட்டினால் எல்லாம் நடக்கும் என்றால் எனக்குப் பயமும் வருவதில்லை, மகிழ்ச்சியும் வருவதில்லை. உர்சுலா லெ குவின் அப்படி விடுவதில்லை. 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'யில் (1968) ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆற்றல் அழியா விதியை நான் கரும்பலகையில் எழுதிய மாதிரியே இருந்தது. அந்த மந்திரப் பள்ளியில் படிக்கும் கெட் என்ற பையன் வீம்புக்காக இறந்தவளின் ஆவியை அழைக்கிறான், கூடவே ஒரு நிழல் வந்துவிடுகிறது. அந்தத் திறப்பை மூட வயசான தலைமை மந்திரவாதி தன் சக்தி முழுவதையும் கொடுத்து உயிரை விடுகிறார். பையன் செய்த செலவைக் கிழவர் கட்டினார். படித்துவிட்டு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாவலில் வருகிற டெனாரை எனக்குக் கெட்டைவிடப் பிடித்துவிட்டது. குழந்தையிலேயே பெயரைப் பிடுங்கிக்கொண்டு கல்லறைகளுக்குப் பூசாரியாக்கிய பெண். இருட்டுச் சுரங்கத்தில் ஒவ்வொரு திருப்பத்தையும் விரலால் தடவிக் கற்கிறாள். மூன்றாவது நாவலில் அவள் இல்லை, எனக்கு அது பெரிய குறை. நான்காவதான 'தெஹானு' (1990) அவளுடைய கதை என்று பின்னட்டையில் பார்த்தேன். உன் அலமாரியில் அது இல்லை. பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் வாங்கி வா, பழைய பிரதியாக இருந்தாலும் சரி. எழுத்து மட்டும் ரொம்பப் பொடியாக இருக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா