மிளகின் கூண்டு

பெரம்பூர், சென்னை
ஞாயிறு காலை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மாமியாருக்குக் காய்ச்சல், தண்ணீர் லாரி வராத தகராறு, மெட்ரோ வேலைக்காக எங்கள் பக்கத்துப் போக்குவரத்தை மறுபடி திருப்பிவிட்ட கூத்து என்று நாலு நாள் ஓடிப்போயிற்று. அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

சரி, உன் வீட்டுக்கு வரப்போகிற நாய்க்குட்டிக்கு வருகிறேன். ‘ஒன்பதுக்கு பேங்குக்குக் கிளம்பினால் ஆறுக்குத்தான் வீடு. அதுவரை கூண்டில் விடலாமா?’ என்று கேட்டிருக்கிறாய். கூடாது வசந்தி. எட்டு வாரக் குட்டியால் ஒன்பது மணி நேரம் உச்சாவை அடக்கவே முடியாது. நான் ஐந்து மணி நேரம் விட்டுப்பார்த்துப் பட்டவள், அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

போன ஆடியில் எங்கள் நாய் மிளகு குட்டியாக வந்தபோது கொளத்தூரில் மீன் தொட்டிக் கடைகளுக்கு நடுவே ஒரு கடையில்தான் கம்பிக் கூண்டு வாங்கினோம். வளர்கிற பிள்ளை என்று பள்ளிக்கூடச் சட்டையைத் தொளதொளவெனத் தைக்கக் கொடுப்போமே, அந்தப் புத்தியில் இருப்பதிலேயே பெரியதாக எடுத்துவிட்டோம். மிளகு அதை ரொம்ப அழகாகப் பிரித்துக்கொண்டது: ஒரு மூலை படுக்கையறை, எதிர் மூலை கக்கூஸ். நாய் தான் படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்தாது, அந்தச் சுபாவத்தை நம்பித்தான் கூண்டுப் பழக்கமே இருக்கிறது. எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் இடம் கொடுத்தால் இரண்டு அறை வீடு ஆகிவிடும். கடைசியில் பையனின் பழைய கேரம் போர்டைக் குறுக்கே நிறுத்திக் கட்டினோம்.

அப்புறம் வந்தது மயிலாப்பூர்க் கல்யாணம். முகூர்த்தம் பார்த்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்கு. சாப்பாட்டுப் பந்தி, தாம்பூலப் பை, ராயப்பேட்டை நெரிசல் எல்லாம் சேர்ந்து ஐந்து மணி நேரமாகிவிட்டது. மாடிப்படி ஏறும்போதே வாடை. கதவைத் திறந்தால், விரித்திருந்த பழைய வேட்டி முழுக்க நனைந்து, நாலு காலும் சொதசொத என்று, கம்பியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறது. அழவில்லை. குரைக்கவில்லை. ரொம்ப நேரம் கத்திவிட்டுத்தான் ஓய்ந்தது என்று எதிர்வீட்டு மாமி சொன்னபோது எனக்குச் சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அது படுக்கையை நனைப்பதும் அதன் மேலேயே தூங்குவதுமாக இருந்தது. நாமாக நாறவிட்டால் அந்தச் சுத்த புத்தியும் போய்விடுகிறது, திரும்பக் கொண்டுவருவது பெரும் பாடு.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டு, அத்தனை மணி நேரம்தான் பகலில் உச்ச வரம்பு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று, மூன்று மாதத்துக்கு நாலு. வரம்பு என்றாரே தவிர அதுவரை வைக்கச் சொல்லவில்லை. நடைமுறையில் உன் குட்டியை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே விட்டால் நல்லது. மூன்று மாதத்தில் இரண்டு மணி, நாலு மாதத்தில் மூன்று என்று மெல்ல ஏற்றினேன். வளர்ந்த பிறகும் பகலில் ஒரே மூச்சில் நாலைந்து மணிக்கு மேல் நான் விடுவதில்லை. ராத்திரிக் கணக்கு வேறு. தூக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் முதல் சில வாரம் நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்தாக வேண்டும். கைக்குழந்தைக்கு எழுந்தவள்தானே நீ.

இன்னொன்று. இந்த வயதில் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரை தூங்கும். கூண்டு நேரம் என்பது பெரும்பாலும் அந்தத் தூக்க நேரமாக இருந்தால் சண்டையே வராது. சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், எழுந்ததும் வெளியே கொண்டுபோய் உச்சா போக வை. கண் சொக்கும்போது கூண்டில் விடு. முதல் சில நாள் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு போடு. அது தின்னும்போது மட்டும் மூடு, தட்டு காலியானதும் திற. செருப்பைக் கடித்தது என்று கோபத்தில் உள்ளே தள்ளிவிடாதே. அப்படி ஒருமுறை செய்துவிட்டால் கூண்டு அதற்கு ஜெயில்தான்.

விழித்திருக்கும் நேரத்தைப் பூட்டில் கழிக்கவிடக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. மூன்று, மூன்றரை மாதத்துக்குள் எதையெல்லாம் பார்க்கிறதோ, கேட்கிறதோ அதற்குத்தான் பிறகு பயப்படாமல் இருக்கும். குக்கர் விசில், காய்காரர் குரல், ஆட்டோ, மிக்ஸி எல்லாம் காதில் விழட்டும். தடுப்பூசி முடியும்வரை தெரு மண்ணில் விடாதே, பார்வோ வைரஸ் பொல்லாதது. நான் மிளகை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில் பார்க்கப் போவேன். தெருவில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இவரோ கூண்டு என்றாலே முகம் சுளிப்பார். ஸ்வீடனில் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைக்கவே சட்டம் விடாதாம், பயணம் மாதிரிச் சில சமயத்துக்குத்தான் விலக்கு. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்வேன். ராத்திரி உச்சா துடைக்கும் முறை வந்தால் மட்டும் அவரும் அமெரிக்கா பக்கம் வந்துவிடுவார்.

உனக்கு முக்கியமானது வெயில். கத்திரியில், அதுவும் திருச்சியில், லேப்ரடாருக்கு அந்த ரோமத்தோடு சொல்லவே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். வீடியோவில் குளிர்தேசத்துக்காரர்கள் போர்வையால் மூடுவதைப் பார்த்து நீயும் மூடிவைக்காதே. பால்கனி வேண்டாம், ஃபேன் காற்று படுகிற இடத்தில் வை, தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியில் மாட்டு. கரண்ட் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும் யோசி. உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடு. மிளகின் பட்டை வளையம் ஒருநாள் கம்பியில் சிக்கி அது திணறியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அது ஒரு பயம்.

அம்மாவால் குனிந்து தாழ்ப்பாள் திறக்க முடியாது, தெரிகிறது. பத்து நாள் லீவு போட முடியுமா? அதற்கப்புறம் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவைப் பதினொரு மணிக்கு ஒருமுறை, மூன்றரைக்கு ஒருமுறை வரச் சொல், கூடக் கொடு. மதியச் சாப்பாட்டுக்கு நீ உறையூர் வந்துபோவது அவ்வளவு தூரமில்லையே. மற்ற நேரத்துக்கு அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன அறை வாசலில் தடுப்பு வைத்து, ஒரு பக்கம் பேப்பர் விரித்து, கூண்டைத் திறந்தபடி உள்ளே போட்டுவிடு. பேப்பரில் போய்ப் பழகினால் பிறகு மாற்றக் கொஞ்சம் சிரமம், ஆனால் அடைத்துவைப்பதைவிட அது மேல். இது எதுவுமே முடியாது என்றால், மகளுக்குக் காலேஜ் லீவு விடும்வரை குட்டியை அங்கேயே வைத்திருக்க முடியுமா என்று கொடுத்தவர்களைக் கேட்டுப்பார்.

மிளகு இப்போது கட்டிலுக்கு அடியில் மொசைக் தரையில்தான் படுக்கிறது, கூண்டு பரணில் கிடக்கிறது. அடுத்த சனிக்கிழமை இவர் பல்லவன் ரயிலில் திருச்சி வருகிறார். மடக்கிக் கொடுத்து அனுப்பட்டுமா? கேரம் போர்டும் சேர்த்துத்தான். ஓரமெல்லாம் பல் பட்டிருக்கும், கண்டுகொள்ளாதே.

அன்புடன்,
உன் கமலா