நட்டு போல்ட்டோடு முடிகிற வேலையா இது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாகத் தங்கள் இதழை வாங்கிப் படிக்கிறவன் நான். கொல்லிமலையில் மிளகும் காப்பியும் போட்டிருக்கிற சிறு விவசாயி. சென்ற வார வாகனப் பக்கத்தில் வால்பாறை வாசகர் ஒருவரின் கேள்விக்கு வந்த பதிலைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் முன்சக்கரம் கழன்றுவிட்டது, என்ன செய்வது என்று அவர் கேட்டிருந்தார். தங்கள் நிபுணர் எழுதியது இது: "பயப்படத் தேவையில்லை. புதிய போல்ட், நட் போட்டு, ஒரு வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டால் வண்டி பழையபடி ஆகிவிடும்."

ஐயா, அந்தப் பதிலை நம்பி ஒருவர் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் போகிறார். அதை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1994 மாடல் மஹிந்திரா எம்.எம்.540. போன ஆடி மாதம் கீழே ஒரு டயர் கடையில் முன்பக்கம் இரண்டுக்கும் புது டயர் போட்டேன். ரிம்முக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். கடைப் பையன் காற்றுத் துப்பாக்கியை வைத்து நொடியில் நட்டுகளை இறுக்கிவிட்டான். சேந்தமங்கலம் தாண்டியதும் ஸ்டீயரிங் லேசாக ஆடியது. புது டயர் அல்லவா, பழக வேண்டும் என்று நினைத்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு 3 கிலோமீட்டர் இருக்கும்போது இடது முன்சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போய் மரவள்ளிக் காட்டுக்குள் விழுந்தது. வண்டி இடப்பக்கம் உட்கார்ந்து, பிரேக் டிரம் தார்ச்சாலையை உரசிப் பொறி பறந்தது. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரைவரை போய்விட்டது. பிரேக் டியூப் அறுந்து ஆயில் முழுக்க ரோட்டில். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே என் மனைவியும் ஏழு வயதுப் பேத்தியும் இருந்தார்கள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் மலைப்பாதை. அங்கே எழுபது வளைவுகள் என்பது தாங்கள் அறியாததல்ல.

வண்டியை லாரியில் ஏற்றி நாமக்கல்லுக்குக் கொண்டு போனேன். லாரி கட்டுகிற ஊர், லேத்துக்கும் பட்டறைக்கும் பஞ்சமில்லை. முப்பது வருடமாக எங்கள் மலை ஜீப்புகளைப் பார்க்கிற மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். ஐந்து போல்ட்டில் மூன்று முறிந்திருந்தன, இரண்டில் மரை வழித்துப்போயிருந்தது. ரிம்மின் ஓட்டைகள் முட்டை வடிவில் நீண்டிருந்தன. தங்கள் நிபுணர் சொன்ன புது போல்ட்டை அந்த ரிம்மில் மாட்டியிருந்தால் அடுத்த வாரமே மறுபடி கழன்றிருக்கும்.

நானும் அவரிடம் முதலில் அதையேதான் கேட்டேன், போல்ட்டை மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று. "வெளிய தெரியறது பரவால்லீங்க, உள்ள அடிபட்டதுதாங்க பயம்" என்றார். சக்கரத்தை மாட்டுகிற ஹப்பைக் கழற்றி, பேரிங்குகளை டீசலில் கழுவி, வெளிச்சத்தில் காட்டினார். பேரிங்கின் வெளி வளையமான கப்பின் உட்புறத்தில் உருளைகள் பதிந்த கோடு கோடான தடம். வண்டியின் முன்பாரம் முழுக்க ஒரே அடியாக இறங்கியதில் எஃகில் பள்ளம் விழுந்திருக்கிறது. கையால் சுற்றினால் வழவழவென்றுதான் சுற்றியது. ஓடஓடத்தான் அது தன் வேலையைக் காட்டுமாம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எதன்மேல் திரும்புகிறதோ அந்தக் கிங்பின்னின் பேரிங்கிலும் அதே தடம்.

அப்புறம் ஸ்பின்டில். ஹப் சுற்றுகிற அந்த அச்சைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தார்கள். மேலே வெள்ளைப் பொடியை அடித்ததும், அச்சு பிளேட்டோடு சேருகிற அடிப்பகுதியில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. முடி அளவு. வெறுங்கண்ணுக்கு அதுவரை ஒன்றுமே தெரியவில்லை. அதோடு ஓட்டியிருந்தால் அடுத்த தடவை ஹப்பும் டிரம்மும் சேர்ந்தே போயிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த அலைன்மென்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்துகிற பட்டா ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் அறுந்து, இடப்பக்கம் ஆக்சிலே பின்னால் நகர்ந்திருந்தது. தூக்குக்குண்டு கட்டித் தரையில் சாக்பீஸால் குறித்து, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே இரண்டு பக்கமும் அளந்தபோது 11 மில்லிமீட்டர் வித்தியாசம். முன்சக்கரம் இரண்டையும் இணைக்கிற டை ராடும் வளைந்திருந்தது. இந்த வண்டியில் அலைன்மென்ட் என்றால் டை ராடின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டும்தான். வளைந்த ராடையும் நகர்ந்த ஆக்சிலையும் அப்படியே விட்டுவிட்டு நீளத்தை மாற்றினால், மெஷினில் அளவு சரியாக வந்துவிடும், கோளாறு உள்ளே ஒளிந்துகொள்ளும்.

ரிம், டிரம், பேக் பிளேட், ஸ்பின்டில், பேரிங்குகள், சீல், டை ராடு, பிரேக் டியூப் எல்லாமே மாற்றினோம். முதலில் வாங்கிய பேரிங் போலி. எண் பொறித்திருந்த விதத்தைப் பார்த்தே மேஸ்திரி திருப்பி அனுப்பினார். ஸ்பின்டில் கோயம்புத்தூரில் பழையதாகக் கிடைத்தது, அதற்கும் சாயம் அடித்துப் பார்த்த பிறகே மாட்டினார். கிங்பின்னுக்கு மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும், சுருள்வில் தராசைக் கொக்கி போட்டு இழுத்து எவ்வளவு இறுக்கம் என்று பார்த்ததற்கே ஒரு முழுப் பகல் ஆனது. மொத்தம் 27 நாள், 38,000 ரூபாய். ஒரு வரியில் எழுதிவிடுகிற வேலையா இது, தாங்களே சொல்லுங்கள்.

ஏன் கழன்றது என்பதற்கும் தங்கள் பக்கத்தில் பதில் இல்லை. ரிம்மும் ஹப்பும் ஒட்டுகிற முகத்தில் பெயின்ட் தடிமனாக இருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளரும். இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீண்டு, ரப்பர் மாதிரி இழுத்துப் பிடித்திருப்பதால்தான் சக்கரம் நிற்கிறது. அந்த இழுப்பு போனால் எல்லாம் போச்சு. அதனால்தான் எதிரெதிர் நட்டாக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும் என்கிறார்கள். அதை எனக்கு அந்தக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மலையில் ஒரு வேனின் சக்கரம் கழன்றபோது, "ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்" என்று மறுநாளே எழுதினீர்கள். அந்த வண்டியை யாரும் கழற்றிக்கூடப் பார்த்திருக்கவில்லை. அதற்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் நான்கு வரியாக வந்தது, அதுவும் சாலை வசதி கேட்பதாக. இன்னொரு செய்தியில் எங்கள் வண்டிகளை "ஓட்டை ஜீப்புகள்" என்றீர்கள். பேருந்து போன பிறகு பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆளை ஏற்றிக்கொண்டு இறங்குவது அந்த ஓட்டை ஜீப்புகள்தான். 2019-இல் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் கட்டினேன், 2024-இல் 5,000. கட்டத்தான் செய்தேன். பழைய வண்டி வைத்திருப்பது குற்றம் என்பது போல எல்லோரும் பேசும்போது, எங்கள் பத்திரிகை என்று நினைத்திருந்த தாங்களும் அப்படியே எழுதினால் வலிக்கிறது. வாரம் தவறாமல் 20 லட்ச ரூபாய்க் காருக்கு முழுப்பக்கம் தருகிறீர்கள். தாருங்கள். எங்களுக்குத் தருகிற நான்கு வரியாவது சரியாக இருக்கக் கூடாதா?

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, சக்கரம் கழற்றி மாட்டினால் 50 கிலோமீட்டரில் நட்டை மறுபடி இறுக்குங்கள் என்றும், ஓட்டத்தில் கழன்றிருந்தால் ஸ்பின்டிலையும் பேரிங்குகளையும் சோதிக்காமல் எடுக்காதீர்கள் என்றும் போடுங்கள். இந்தக் கடிதத்தில் மற்றதை எல்லாம் வெட்டினாலும் எனக்கு வருத்தமில்லை.

கேள்வி கேட்ட அந்த வால்பாறை வாசகரின் முகவரி தங்களிடம் இருக்கும். அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்காமல், ஸ்பின்டிலைச் சோதிக்கும்வரை வண்டியை ஆழியாறு பக்கம் இறக்க வேண்டாம் என்று இன்றே அவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
செம்மேடு, கொல்லிமலை.