தேவசோமா தமிழ் பேசட்டும்

நாகர்கோவில்

அன்பு மகள் மீராவுக்கு,

நேற்று ராத்திரி நீ சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை. போனில் என்றால் பாதியிலேயே நீ குறுக்கே பேசிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ மேடையேற்றப் போகிற மத்தவிலாசம் என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகத்தை ஐம்பது நிமிஷத்தில் முடிக்கணும், மிழாவு என்ற மேளத்துக்குப் பதில் பதிவு செய்த இசை போதும், சமஸ்கிருத வசனத்துக்குத் திரையில் எழுத்து ஓடட்டும் என்று நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் கேட்கிறார்கள். நீயும் பாதி சம்மதித்துவிட்டாய். "இல்லேன்னா யாரும்மா வருவா?" என்றாய்.

மக்கா, எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது. இருந்தும் நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் அப்பா என்னை கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவுக்குக் கூடியாட்டம் என்ற கோயில் சமஸ்கிருத நாடகம் பார்க்கக் கூட்டிப் போனார். தோரணயுத்தம் என்ற அங்கத்தில் ராவணன் கைலாசத்தைத் தூக்குகிற பகுதி. நடிகர் பீடத்தில் உட்கார்ந்திருந்தார். சுண்டப்பூ விதை வைத்துச் சிவந்த கண். வசனம் கிடையாது. பின்னால் மிழாவு மட்டும் முணுமுணுக்கிற மாதிரி ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண் மெல்ல இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போனது. மலை இத்தனை அகலம் என்று தெரிந்தது. அப்புறம் கண் மேலே ஏற ஆரம்பித்தது. ஏறியது, நின்றது, இன்னும் ஏறியது. என் பக்கத்தில் இருந்த பாட்டி தன்னை அறியாமல் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே உத்தரமும் ஓடும்தான் இருந்தன. ஆனால் நான் மலையைப் பார்த்துவிட்டேன்.

சில வருஷத்துக்கு முன்னால் அதே பகுதியை ஒரு நகரத்து அரங்கில் பார்க்க நேர்ந்தது. விழாக்காரர்கள் கொடுத்த நேரம் குறைவு. நல்ல நடிகர்தான், பாவம், ஓட வேண்டியிருந்தது. மலை சட்டென்று மேலே போய்விட்டது, கைதட்டினார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூடியாட்டக்காரர்கள் முழு நாடகத்தையும் ஆடுவதே அபூர்வம். ஓர் அங்கத்தை எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் விரிப்பார்கள். நீயும் அப்படிச் செய். ஐம்பது நிமிஷம்தான் என்றால் கபாலம், அந்த மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரம், காணாமல் போகிற இடத்தை மட்டும் எடுத்துக்கொள். அந்தக் குடிகாரக் காபாலிகன் சத்தியசோமன் இடுப்பைத் தடவிப் பார்க்கட்டும், கள்ளுக்கடை வரைக்கும் மனசால் திரும்பி நடக்கட்டும், நாய் மேல் சந்தேகப்படட்டும், புத்த பிட்சு மேல் சந்தேகப்படட்டும். கதையை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டு. ஒரு பார்வைக்கு வேண்டிய நேரத்தை வெட்டாதே.

மாற்றினால் மரபு கெட்டுவிடும் என்று உன்னிடம் ஒரு பெரியவர் கோபப்பட்டாராமே. அதற்காக நீ கலங்க வேண்டாம். 1949-ல் பைங்குளம் ராமச்சாக்கியார் கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோனபோது சொந்தக்காரர்களே எதிர்த்தார்கள். 1962-ல் மெட்ராஸில் டாக்டர் வே. ராகவனின் சம்ஸ்கிருத ரங்கம் மாணி மாதவச் சாக்கியார் குழுவை அழைத்து ஆடவைத்தது. 1965-ல் கேரள கலாமண்டலம் என்ற கலைப்பள்ளியில் வகுப்பு ஆரம்பித்து, வழிவழியாகக் கூத்தாடி வந்த சாக்கியார் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைகளும் படிக்க வந்தார்கள். இத்தனை கதவைத் திறந்ததால்தான் 2001-ல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தபோது, அறிவிக்க ஒரு கலை உயிரோடு இருந்தது. அவர்கள் இடத்தை மாற்றினார்கள், ஆளை மாற்றினார்கள். கண்ணை அவசரப்படுத்தவில்லை.

இனி மொழி. திரையில் எழுத்து ஓடினால் கூட்டம் எழுத்தைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. அதற்கு வழி நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. கூடியாட்டத்தில் விதூஷகன், நாயகனோடு வருகிற கோமாளி, என்ன செய்கிறான்? நாயகன் சமஸ்கிருதத்தில் சொன்ன சுலோகத்தை மலையாளத்தில் எடுத்து விளக்குகிறான், அதைக் கேலி செய்து எதிர்க்கவியும் பாடுகிறான். சரி, மத்தவிலாசத்தில் விதூஷகன் இல்லை. ஆனால் சத்தியசோமன் சமஸ்கிருதம் பேச, அவனுடைய துணைவி தேவசோமா அந்தக் காலத்துப் பேச்சுமொழியான பிராகிருதத்தில் பதில் சொல்கிறாள். நாடகத்தில் வருகிற பைத்தியக்காரனும் பிராகிருதம்தான். மகேந்திரவர்மன் எழுதினபோதே அது ஒரு மொழி நாடகம் இல்லை. அந்தப் பிராகிருதம் முழுவதையும் நீ தமிழாக்கிவிடு. அவன் சமஸ்கிருதத்தில் உளறட்டும், அவள் தமிழில் மடக்கட்டும். அவள் பதிலைக் கேட்டாலே அவன் என்ன சொன்னான் என்று கடைசி வரிசைக்கும் புரியும். காஞ்சிபுரத்துத் தெருவில் நடக்கிற கதை, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ ராஜா எழுதினது. அதை இவ்வளவு காலமும் வழிபாட்டுக் கூத்தாக ஆடிக் காத்துக் கொடுத்தவர்கள் கேரளத்துச் சாக்கியார்கள். அதில் தமிழ் ஒலிப்பதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

இன்னொன்று. பத்மநாபபுரம் பக்கத்து மணலிக்கரை மடத்துக்கு உன்னை ஒருதரம் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கா? சின்னப் பிள்ளை நீ, வெயிலில் சிணுங்கிக்கொண்டே வந்தாய். அந்த மடத்து ஓலைச்சுவடியில்தான் திருநெல்வேலித் தருவைக்காரரான கணபதி சாஸ்திரி பாசன் என்ற பழைய சமஸ்கிருத நாடகாசிரியரின் நாடகங்களைக் கண்டுபிடித்தார். 1912-ல் அச்சில் வரத் தொடங்கின. அதுவரை படித்தவர்களுக்குப் பாசன் வெறும் பெயர். ஆனால் சாக்கியார்கள் அந்த அங்கங்களை, எழுதினவர் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல், கோயில் அரங்கமான கூத்தம்பலத்தில் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் பார்த்த தோரணயுத்தமும் அப்படி வந்ததுதான். "யார் வருவா" என்று நீ கேட்டபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது. நாலே பேர் உட்கார்ந்திருந்த ராத்திரியிலும் அவர்கள் முழுசாகத்தான் ஆடியிருப்பார்கள்.

மிழாவு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. நடிகரின் இமை அசைவதைப் பார்த்து வாசிக்கிறவர் வேண்டும், பதிவு செய்த இசைக்கு ஏது கண்? வாசிக்கிறவருக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை என்றால் என்னிடம் கேள், வெட்கப்படாதே.

மேடை விளக்குகளில் பாதியை அணைக்கச் சொல். ஆட்டவிளக்கில் மூன்று திரி போடு, இரண்டு நடிகரைப் பார்த்து, ஒன்று சபையைப் பார்த்து. வாடகை விளக்கு எதுவும் பேச வேண்டாம். அப்பா வாங்கி வைத்தது பரணில் இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்னாலேயே கொண்டு வருகிறேன். கனமாக இருக்கும், ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்பு.

அன்புடன்
அம்மா