முதலாண்டு மாணவர்களுக்கு எந்த வரைபட மென்பொருள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக மாணவர்களுக்கு வரைபட மென்பொருள் கற்றுத்தரும் பகுதிநேர விரிவுரையாளர் நான். ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கும் முன் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு: உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் ஆர்க்ஜிஐஎஸ்ஸா, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ்ஸா? முதலாண்டுக்குக் கியூஜிஐஎஸ்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஆர்க்ஜிஐஎஸ்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் கணினிப் பதிப்பான ஆர்க்ஜிஐஎஸ் புரோ விண்டோஸில் மட்டுமே இயங்கும். மேக் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஆய்வுக்கூடம் மூடுவதற்குள் பயிற்சியை அவசர அவசரமாக முடிக்கிறார்கள். பட்டம் வாங்கியதும் பல்கலைக்கழக உரிமமும் கைவிட்டுப் போகிறது. 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, காலக்கெடுவும் இல்லை.

என் வகுப்பின் முதல் பயிற்சியைச் சொல்கிறேன். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலிருந்து உணவங்காடி நிலையங்களின் கோப்பை இறக்கி, ஒவ்வொன்றையும் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட வேண்டும். கோப்பு அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் இருக்கிறது. தூரத்துக்கான கட்டத்தில் 400 என்று தட்டினால் மென்பொருள் அதை 400 பாகையாக எடுத்துக்கொண்டு உலகப் படத்தையே மூடிவிடும். கட்டத்துக்குப் பக்கத்திலேயே அலகு தெரிகிறது. அவசரத்தில் அதைப் பார்ப்பவர் குறைவு. கோப்பை, இடங்களை மீட்டரில் குறிக்கச் சிங்கப்பூருக்கென வகுத்த எஸ்விஒய்21 முறைக்கு (மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 3414) மாற்றியதும் அலகு மீட்டராகிறது. தோ பாயோவிலும் பிடோக்கிலும் புளோக்குகளுக்கு நடுவே வட்டங்கள் சரியாக விழுகின்றன. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிப்பதன் சிக்கல் அப்போதுதான் மாணவருக்கு உறைக்கிறது. எந்த மென்பொருளிலும் பாடம் இதுதான் என்னும்போது, வீட்டில் இரவு பத்து மணிக்கும் திறந்து பார்க்கக்கூடிய ஒன்றில் அதைப் படிப்பதே மேல்.

ஆசிரியர்களுக்கு இதில் கூடுதல் வேலை உண்டு. புதிய பதிப்புகள் அடிக்கடி வருவதால், நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றைத் தேர்ந்து பருவம் முடியும்வரை அதையே எல்லாரும் பயன்படுத்தச் செய்ய வேண்டும். பாடக்குறிப்புகளையும் நாமே எழுத வேண்டியிருக்கும். எழுதலாம். மூன்றாம் ஆண்டில் ஆர்க்ஜிஐஎஸ் அறிமுகமாகட்டும். அடிப்படை தெரிந்த மாணவர் அதற்குச் சில வாரங்களில் பழகிவிடுவார்.

இந்த ஒரு பாடத்துக்காக விண்டோஸ் மடிக்கணினி வாங்க வேண்டுமா என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டார்கள். முதலாண்டுப் பாடம் கியூஜிஐஎஸ்ஸில் அமைந்தால் அந்தச் செலவே எழாது. பாடத்திட்டம் வகுப்போர் இதையும் கணக்கில் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பகுதிநேர விரிவுரையாளர்,
ஈசூன்