ஐஸ்லாந்தின் இளையோர் அணி

ஆசிரியர் அவர்களுக்கு,

2016 யூரோ ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் ஐஸ்லாந்து இங்கிலாந்தை வென்றதை அதிசயம் என்பவர்கள், 2011-இல் டென்மார்க்கில் நடந்த இளையோர் ஐரோப்பியப் போட்டியில் ஆடிய அதன் 21 வயதுக்குட்பட்டோர் அணியைக் கவனிக்க வேண்டும். 2016-இல் ஆடிய கில்ஃபி சிகுர்ட்சன், ஆரோன் குன்னார்சன், கோல்பெய்ன் சிக்தோர்சன் எல்லோரும் அதில் இருந்தவர்களே.

தகுதிச்சுற்றில் ஜெர்மனியை 4-1 என வீழ்த்தியது அந்த அணி. பிரதான போட்டியின் பிரிவு ஆட்டங்களில் பெலாரஸ், சுவிட்சர்லாந்திடம் தலா 0-2 தோல்வி. டென்மார்க்கை 3-1 என வென்றது. ஐஸ்லாந்து, பெலாரஸ், டென்மார்க் மூன்றும் தலா 3 புள்ளி பெற்றதால், தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கோல் வித்தியாசம் பார்க்கப்பட்டு பெலாரஸ் அரையிறுதிக்குப் போனது. பெலாரஸிடம் ஒரு கோல் குறைவாக வாங்கியிருந்தால் ஐஸ்லாந்துதான் போயிருக்கும்!

2000 முதல் கட்டப்பட்ட முழு அளவு உள்ளரங்க மைதானங்களால்தான் பனிக்காலத்திலும் சிறுவர்களின் பயிற்சி நிற்கவில்லை. சிறு பிள்ளைகளுக்கும் உரிமம் பெற்ற பயிற்சியாளரை வைத்தது, என் பார்வையில், அதைவிடப் பெரிய வேலை.

- ஒரு வாசகர்